விண்டோஸா? லினக்ஸா?

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச வேண்டிய விஷயம் "விண்டோஸா, லினக்ஸா?" என்பதாகத் துண்டு விளம்பரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நாம் இதற்கென்று பரீட்சை கொடுத்துப் பட்டம் வாங்கியவரல்லர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துக் கெடுத்தும், மறுபடி கூட்டியும், தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்தும் கற்றுக்கொண்டதுதான் நம் படிப்பு. ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நமது தோழர் ஒருவர். டைப் அடித்துக் கொடுத்து ஜீவனம் செய்பவர். அவருடைய மிஷின் 2016-ல் வாங்கியது. விசைப்பலகையில் எழுத்துகள் தேய்ந்து போயிருக்கின்றனவே தவிர, மிஷினுக்கு ஒரு குறைவுமில்லை. ஆனால் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனியார் விண்டோஸ் 10-க்கு வழக்கமாகச் செய்துவந்த பழுது பார்ப்பை நிறுத்திவிட்டார்கள். வேண்டுகிறவர்களுக்கு ஓராண்டு தவணை, அதாவது 2026 அக்டோபர் 13 வரை என்றார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்டெல் சிப்பானால் பெரும்பாலும் எட்டாந் தலைமுறைக்குக் குறையக்கூடாது என்று நிபந்தனை. நம் தோழருடைய மிஷின் ஆறாந் தலைமுறை. கடைக்காரர் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். தோழர் நம்மிடம் வந்து, "வட்டிக்கு வாங்கியாவது புதிது வாங்கலாமா?" என்று கேட்டார்.

நன்றாய் ஓடுகிற வண்டியை, வண்டிக்காரன் அல்லாத வேறொருவன் "இனி ஓட்டாதே" என்று சொல்வதும், அதைக் கேட்டு நாம் கடன் பத்திரம் எழுதப் போவதும் எவ்வளவு விசித்திரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த சிஸ்டம் என்பது என்ன? மிஷினுக்குள் இருக்கும் சிப், டிஸ்க், திரை, பிரிண்டர் ஆகிய எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் காரியஸ்தன். அவன் இல்லாவிட்டால் மிஷின் வெறும் தகரம். விண்டோஸை நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும் அது உங்கள் சொத்தாகாது. உபயோகிக்க அனுமதி மாத்திரமே உங்களுக்குக் கிடைக்கும். கிட்டத்தட்டக் குடிக்கூலி மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவோ, திருத்தவோ உங்களுக்குப் பாத்தியதை கிடையாது. மருந்து கொடுக்கிற வைத்தியர் சரக்கின் பேரை மாத்திரம் மகனிடங்கூடச் சொல்லாமல் வைத்துக்கொள்வதில்லையா, அதைப்போல.

இதற்கு மறுப்பு அமெரிக்காவில் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை செய்த இடத்தில் ஒரு பிரிண்டரில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். திருத்துவதற்கு அதன் எழுத்தைக் கேட்டால், அதை வைத்திருந்தவர் 'கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்' என்றாராம். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்னும்படியான ஒரு சிஸ்டத்தையே எழுதுவதென்று ஸ்டால்மன் 1983-ல் அறிவித்தார். அதற்கு வேண்டிய நடுக்கருவை 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். அதுதான் லினக்ஸ். உங்கள் சட்டைப் பையிலிருப்பது ஆண்ட்ராய்டு போனானால் அதற்குள்ளும் அந்த நடுக்கருதான் இருக்கிறது. உலகத்தில் வேகம் மிகுந்த 500 பெரிய கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதற்கொண்டு ஐந்நூறும் லினக்ஸ்தான்.

"எங்கள் ஊரில் விண்டோஸுக்குக் காசு கொடுத்தவன் யார்?" என்று அங்கே ஒரு தோழர் சிரிக்கிறார். வாஸ்தவம். நாமும் அப்படித்தான் வைத்திருந்தோம். ஒரு கடையில் திருட்டுப் பிரதி போட்டுக் கொடுத்தார்கள். "அப்டேட்டை மாத்திரம் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளும்" என்று புத்தியும் சொன்னார்கள். கேட்டோம். ஒரு நாள் காலையில், இந்த வாசகசாலையின் மூன்று வருஷத்துப் புத்தகக் கணக்குப் பூராவும் பூட்டிக்கொண்டு, பணம் அனுப்பு என்று திரையில் எழுதி நின்றது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்னும் புழு உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளையும் ஆபீசுகளையும் இப்படித்தான் பிடித்தது. அதற்கு மாற்று மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச்சு மாதமே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். ஆகவே திருட்டுப் பிரதி இனாம் என்று நினைப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

இனி மற்றொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லினக்ஸுக்காரர்களில் சிலர், பென்குயின் படத்துக்குக் கர்ப்பூரம் காட்டாத குறையாக இருக்கிறார்கள். திறந்த எழுத்து, ஆகவே தீங்கே வராது என்பது அவர்கள் வேதம். 2024-ல் நடந்ததைக் கேளுங்கள். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் எக்ஸ்-இசட் என்ற ஒரு சிறு கருவி உண்டு. அதைக் கவனித்து வந்தவருக்கு உதவியாள் போல ஒருவன் புனைபெயரில் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபிள்ளையாய் வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் திருட்டுக் கதவு ஒன்றைச் செருகிவிட்டான். ஆயிரம் கண்கள் பார்க்கலாம் என்ற அனுமதி இருந்ததே ஒழிய, ஒரு கண்ணும் பார்க்கவில்லை. ஆண்டிரஸ் பிராயுண்ட் என்பவர் தம் மிஷினுக்குள் நுழைகையில் அரை விநாடி தாமதமாவதைக் கண்டார். அரை விநாடிதானே என்று விடாமல், ஏன் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே போய்த் திருட்டுக் கதவைப் பிடித்து, மார்ச்சு 29-ந் தேதி எல்லாருக்கும் அறிவித்தார். எழுத்து திறந்து கிடந்ததால் அவரால் தொடர்ந்து தேட முடிந்தது. அவரே மைக்ரோசாப்டில் சம்பளம் வாங்குகிறவர் என்பது இதில் வேடிக்கை!

அடுத்தபடியாகச் சௌகரியம். டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு விண்டோஸ் வேண்டும். நம் அச்சாபீசுகளில் இன்றும் பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருக்களிலும் வேலை நடக்கிறது. லினக்ஸுக்குப் போனால் அந்தப் பேஜ்மேக்கர் வராது. இதை மறைத்துப் பேசுவது யோக்கியமல்ல. ஜெர்மனியில் மூனிச் நகர சபையார் 2003-ல் லினக்ஸுக்குப் போவதென்று தீர்மானித்து, பத்து வருஷம் பாடுபட்டு, சுமார் 15,000 மிஷின்களை மாற்றினார்கள். 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே போவதென்று தீர்மானம் போட்டார்கள். சிஸ்டம் தோற்றது என்று ஒரு கட்சி, அரசியல் தோற்கடித்தது என்று மற்றொரு கட்சி. ஆனால் பிரான்சு தேசத்து ஜாந்தார்மெரி போலீசார் மாறினவர்கள் மாறினவர்களே. 70,000-க்கு மேற்பட்ட மிஷின்கள். அவர்கள் செய்த தந்திரம் என்ன? முதலில் விண்டோஸிலேயே இருந்துகொண்டு, 2005 முதல் கடிதம் எழுதும் புரோகிராமை மாற்றினார்கள். பிறகு வலைப் பக்கங்களைப் பார்க்கும் புரோகிராமை மாற்றினார்கள். கை பழகிய பிறகே, 2008 முதல், அடியிலிருந்த சிஸ்டத்தை உருவினார்கள். போலீசுக்காரர்களிடமும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கத்தான் செய்கிறது!

நமது டைப் தோழர் விஷயத்திலும் இதையே செய்தோம். பழைய விண்டோஸிலேயே லிப்ரேஆபீசைப் போட்டு ஒரு மாதம் அடிக்கச் சொன்னோம். பிறகு ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்டை ஏற்றி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிக் காட்டினோம். பிரிண்டர் வேலை செய்தது. ஸ்கேனர் முரண்டு பிடித்து இரண்டு மாலைப்பொழுதைத் தின்றது. தமிழ் 99 விசைப்பலகை சரியாக வந்தது. அதன் பேரில் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு லினக்ஸை ஏற்றினோம். அந்த மின்ட் 22-க்கு 2029 வரை பழுது பார்ப்பு உண்டு. அதற்கும் ஆயுசு இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டோம். பேஜ்மேக்கர் வேலை கொண்டுவரும் ஒரு அச்சாபீசுக்காரருக்காக, டிஸ்கின் ஒரு மூலையில் பழைய விண்டோஸையும் வைத்திருக்கிறார். அதில் ஏறும்போது இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கி விடுகிறார். இது கொள்கைக்குப் பொருத்தமா என்று ஒரு வாலிபர் நம்மைக் கோபித்துக்கொண்டார். அந்த அச்சாபீசு வேலையை அவர் கொடுப்பதாயிருந்தால் அந்த மூலையையும் துடைத்துவிடலாம் என்றோம்.

தோழர் கடன் வாங்கவில்லை. அந்தப் பென்டிரைவ் இதோ இந்த மேஜைமேல் இருக்கிறது. மிஷின் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இருந்து போட்டுப் பார்க்கலாம். தலைவர் கடியாரத்தைப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புகிற தோழர்கள் கேட்கலாம்.