மூட்டைன்னா எத்தனை கிலோ?

இன்னைக்கு டேட்டா பத்திப் பேசப் போறோம். பயப்படாதீங்க, கோடிங் எதுவும் வராது. நெல்லுதான் வரும்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. குறுவை அறுவடை முடிந்ததும் மாணவர்கள் ஊர் ஊராகப் போய் விளைச்சல் விவரம் சேகரித்து, குழுவாக பிரசன்டேஷன் கொடுத்தார்கள். நானும் கேட்கப் போயிருந்தேன். முதல் குழுவின் ஸ்லைடு பளிச்சென்று இருந்தது. ஒரு ஊரில் ஏக்கருக்கு 36 மூட்டை, பக்கத்து ஊரில் 42. ‘ரெண்டாவது ஊர்தான் டாப்’னு முடிவும் சொல்லிட்டாங்க. எல்லாரும் கை தட்டினோம்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “முதல் ஊர் எங்க ஊருதான். எங்கப்பா மூட்டைன்னா அது 60 கிலோ. ரெண்டாவது ஊர்க் கணக்கை எங்க வாங்கினீங்க?”

நெல் கொள்முதல் நிலையத்தில் வாங்கியிருந்தார்கள். அங்கே பிடிக்கிற சிப்பம் 40 கிலோ. இப்போ போட்டுப் பாருங்க. முதல் ஊர் 2,160 கிலோ, ரெண்டாவது ஊர் 1,680 கிலோ. முடிவு அப்படியே தலைகீழ்!

யாரும் பொய் சொல்லலை. எக்செல்லும் தப்பாக் கூட்டலை. தலைப்பில் வெறும் ‘மூட்டை’ன்னு எழுதினதுதான் வினை.

இன்னொரு குழு, போக முடியாத வயல்களுக்கு நேரே 0 போட்டிருந்தது. 0ன்னா விளைச்சல் இல்லை. காலியா விட்டா, நாம பார்க்கலை. மழையில் முழுகி நிஜமாவே ஒண்ணுமில்லாமப் போன வயலும், நாம எட்டிக்கூடப் பார்க்காத வயலும் ஒண்ணாயிடுமா?

‘கிளாஸ் பிராஜெக்ட்தானே, விடுங்க’ன்னு தோணலாம். பயிர்க் காப்பீட்டுக்கு விளைச்சலை எப்படிக் கணக்கிடுறாங்க தெரியுமா? நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுவார்கள். அது ஒரு ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. அங்கே 1 கிலோ தவறாக எழுதினால், ஹெக்டேருக்கு 400 கிலோ தவறு. ஏக்கருக்கு ஏறக்குறைய நாலு சிப்பம்! இப்படிப் பல வயல்களில் எடுத்த சராசரியை வைத்துத்தான் இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவாகிறது. ஒரு கட்டத்தில் விழுற தப்பு, ஒரு ஊரோட பணம்.

இதெல்லாம் புதுசா வந்த பாடமும் இல்லை. பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்க. ராஜராஜன் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லால் நிறுத்ததாகவே வெட்டியிருக்கிறார்கள். நெல் அளந்த மரக்காலுக்கும் பெயர் உண்டு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் எந்தத் தெருச் சிறகு, எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாக இருக்கிறது. ஒரே பெயரில் ரெண்டு பேர் இருந்தாலும் குழப்பம் வராது. ஆயிரம் வருஷம் கழிச்சும் நம்மால படிக்க முடியுது. நம்ம ‘ஃபைனல்-நியூ-2’ ஃபைலை அடுத்த மாசம் நம்மாலயே படிக்க முடியலை!

அதனால அஞ்சே விஷயம். அளவை எதுன்னு தலைப்பிலேயே எழுதுங்க. பார்க்காததை காலியா விட்டு, காரணத்தைக் குறிங்க. வயலில் எழுதின மூலத்தைத் தொடாம, நகலில் வேலை பாருங்க. என்ன மாத்தினோம்னு தேதியோட எழுதி வைங்க. விவசாயிகளோட பெயரையும் போன் நம்பரையும் ஸ்லைடில் போடாதீங்க. அவங்க உங்களை நம்பிச் சொன்னது அது.

அன்னைக்கு அந்தக் குழு சாயங்காலமே படத்தைத் திருத்தி, ‘முதலில் தப்பாகக் காட்டினோம்’ என்று மேலேயே எழுதி மறுபடி காட்டினார்கள். அந்த ரெண்டாவது ஸ்லைடு அவ்வளவு பளிச்சுன்னு இல்லை. ஆனா அன்னைக்கு நான் மனசார கை தட்டினது அதுக்குத்தான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.