இறக்கையின் வளைவும் குடிகளின் வாழ்வும்



அணுக்குண்டைச் செய்தவர்களை அலைக்கழித்த கேள்வி ஒன்று உண்டு. குண்டைப் போடும் விமானம் தப்புமா என்பதே அது. வெடித்த கணத்திலேயே வெப்பம் பாய்ந்து தகட்டைப் பொசுக்கும். பின்னே வரும் அதிர்ச்சி அலை இறக்கையை வளைக்கும். இவ்விமானங்களுக்கு வெள்ளை வர்ணம் பூசியதும் அவ்வெப்பத்தைத் திருப்பியனுப்பவே.

இதனை அளந்தறிய, 1956ஆம் ஆண்டு பசிபிக் சமுத்திரத்துப் பிக்கினி, எனிவெட்டொக் பவளத்தீவுகளில் நிகழ்ந்த 'ரெட்விங்' பரிசோதனைகளின்போது, பி-47, பி-52 முதலிய விமானங்களை அமெரிக்கா விமானிகளோடு பறக்கவிட்டது. அவை நிற்கவேண்டிய தூரம் முன்னரே கணிக்கப்பட்டது. அவற்றின் உடலெங்கும் அளவைக் கருவிகள் பொருத்தப்பட்டன. எனினும், 'செரோக்கி' என்ற குண்டு குறியினின்றும் ஏறக்குறைய 4 மைல் விலகி வெடித்தது. அளவீடுகளுட் பெரும்பகுதி வீணாயிற்று.

உலோகத்தின் பொறுதியை இத்துணை நுணுக்கமாய் ஆராய்ந்தவர்கள், மனிதரின் பொறுதியை எவ்வாறு கணித்தார்கள்? 1954 மார்ச் 1ஆந் திகதி 'பிராவோ' குண்டு வெடித்தது. எதிர்பார்த்தது ஏறக்குறைய 6 மெகாதொன், விளைந்ததோ 15. ரொங்கெலப் மக்கள் முற்கூட்டியே அகற்றப்படவில்லை. கதிரியக்கச் சாம்பல் மேலே வீழ்ந்து இரண்டு நாட்களின் பின்னரே அகற்றப்பட்டனர்.

சட்டம் யாது கூறிற்று? அத்தீவுகள் அமெரிக்காவின் சொத்தல்ல. 1947ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை பொறுப்பாய் ஒப்படைத்தவை. மக்களின் காணியையும் ஆரோக்கியத்தையும் காப்பது கடமையென்று அவ்வுடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை விதித்தது. தர்மகர்த்தா ஒருவர் கோயிற் காணியிலே தீமூட்டித் தம் வண்டியின் உறுதியைச் சோதித்தால், எந்த நீதிமன்றம் பொறுக்கும்?

1954 ஏப்ரலில் மார்ஷல் தீவு மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுச் செய்தனர். பரிசோதனையை நிறுத்துமாறு கேட்டனர். தம் காணியின் அருமையை எடுத்துரைத்தனர். 'ரெட்விங்' நடந்தது அதற்கு இரண்டாண்டுகளின் பின்னர்! 1946 முதல் 1958 வரை அங்கு வெடித்தவை 67. பிக்கினியின் மூலக்குடிகள் இன்றும் அங்கு நிலையாய்க் குடியேறவில்லை.

2021இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதத் தடை உடன்படிக்கை, பரிசோதனையாற் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதைக் கடமையாக்குகின்றது. அமெரிக்கா அதிற் சேரவில்லை. இலங்கை 2023இல் சேர்ந்தது. ஆகவே, அன்பர்களே, மார்ஷல் மக்களின் வழக்கு நமக்கு அயலார் வழக்கன்று. உலக சபைகளில் அவர்களுக்காகக் குரல் எழுப்புமாறு நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளைக் கேட்போம். ஏற்ற கடமை ஏட்டோடு நின்றுவிடலாகாது.