கோடு கிழிக்க ஆகும் செலவு



நான் 2010-ல் சிவில் முடித்தவன். இப்போது அமெரிக்காவில் புளோரிடா மாநிலம், ஆர்லாண்டோவில் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடுவது என் வேலை. சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா" என்றார். கான்கிரீட்டைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நான் அப்பீல் கோர்ட்டைப் பற்றிப் பேசலாமென்று இருக்கிறேன். சிரிக்காதீர்கள், இதுவும் எஸ்டிமேட் சமாச்சாரம்தான்.

எங்கள் கம்பெனிக்கும் ஒரு கட்டட உரிமையாளருக்கும் பாக்கிப் பணத்தில் தகராறு. ஆர்லாண்டோ கோர்ட்டில் தீர்ப்பாகி, அப்பீல் டேட்டோனா பீச்சில் இருக்கும் ஐந்தாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கிடந்தது. 2023 ஜனவரி 1-ஆம் தேதி விடிந்தபோது, அந்த அப்பீல் அங்கே இல்லை. லேக்லேண்டில் புதிதாகத் தொடங்கிய ஆறாவது நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. நாங்களும் இடம் மாறவில்லை, எதிர்க்கட்சியும் மாறவில்லை. கோடுதான் மாறியிருந்தது. அடுத்த மாதம் வக்கீலிடமிருந்து பில் வந்தது. 'அதிகார எல்லை மாற்றம் குறித்த ஆய்வு' என்று அதில் ஒரு வரி. கணக்குப் பார்க்கும் ஆள் என்பதால் அந்த பில் என் மேஜைக்கு வந்தது. அன்றைக்குத்தான் நான் இதை நோண்ட ஆரம்பித்தேன்.

புளோரிடாவில் 1957-ல் மூன்று அப்பீல் மாவட்டங்கள் இருந்தன. 1965-ல் நான்காவது வந்தது, 1979-ல் ஐந்தாவது. அதன்பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் எண்ணிக்கையைத் தொடவில்லை. 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஆறாவது வேண்டும் என்று பரிந்துரைத்தது. வழக்குகள் குவிந்துவிட்டன என்பது முக்கியக் காரணம் அல்ல. எல்லாப் பகுதியிலிருந்தும் நீதிபதிகள் வரவேண்டும், மக்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதே காரணம். நீதிபதி ரிக்கி போல்ஸ்டன் மட்டும் இவ்வளவு பெரிய மாற்றம் தேவையே இல்லை என்று மறுப்பு எழுதினார். 2022-ல் சட்டமன்றம் சட்டம் போட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். பழைய ஐந்து நீதிமன்றங்களில் இருந்த நீதிபதிகள் 15, 16, 10, 12, 11. மொத்தம் 64. புதிய ஆறில், 2023-ல் தொடங்கியபோது, 13, 15, 10, 12, 12, 9. மொத்தம் 71. மாநிலம் அதேதான், ஜனங்களும் அதே ஜனங்கள்தான், அப்பீலும் அதேதான். கோட்டை நகர்த்தியதால் ஒரு வழக்குகூடக் கூடியிருக்காது. அப்படியானால் இந்த 7 எப்படி வந்தது?

நம்ம பாஷையில் சொன்னால், ஒரு சைட்டில் கம்பி மிச்சம், இன்னொரு சைட்டில் பற்றாக்குறை. லாரி வைத்து ஏற்றி அனுப்பிவிடலாம். நீதிபதியை அப்படி அனுப்ப முடியாது. அவர் தன் மாவட்டத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று அந்த மாநில அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. வீடு வாசல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் டலஹாசியில் இருக்கும் ஒருவரை நாளைக்கே ஆர்லாண்டோவுக்குப் போ என்று சொல்ல முடியுமா? ஆகவே குறைகிற இடத்தில் புதிதாகப் போடத்தான் வேண்டும். ஒரு நீதிபதி என்றால் அவருக்கு உதவியாளர், சட்ட உதவியாளர்கள். ஒரு நீதிமன்றம் என்றால் அதற்குத் தனியாக ஒரு கிளார்க், ஒரு மார்ஷல், அவர்களுக்குக் கீழே அலுவலகம். இதெல்லாம் ஒருமுறைச் செலவு அல்ல. வருஷா வருஷம் பட்ஜெட்டில் வந்து நிற்கும் செலவு.

கட்டடக் கதை இன்னும் சுவாரசியம். டலஹாசியில் முதலாவது நீதிமன்றத்துக்கு 2010-ல் சுமார் 5 கோடி டாலரில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். கிரானைட், மஹோகனி மர வேலைப்பாடு என்று ஏகப்பட்ட ஆடம்பரம். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் 'தாஜ்மஹால்'. அப்போது அங்கே 15 நீதிபதிகள். புதுக் கோட்டில் ஜாக்சன்வில் பகுதி கைவிட்டுப் போய், இப்போது 13. கிரானைட்டைப் பெயர்த்துக்கொண்டு ஜாக்சன்வில்காரர்கள் பின்னாலேயே போக முடியுமா? இரண்டாவது நீதிமன்றமோ 1957 முதல் லேக்லேண்டைத் தலைமையிடமாக வைத்திருந்தது. அது பினெல்லஸ் கவுண்டிக்குப் போனது, லேக்லேண்டு ஆறாவதன் கைக்கு வந்தது. எஸ்டிமேட் போடுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இருபது வருஷத்தில் கோடு மாறக்கூடும் என்று நினைத்து யாரும் கோர்ட்டு கட்டடத்துக்கு டிசைன் போடுவதில்லை. போட்டால் நல்லது.

லாபமே இல்லையா என்றால், உண்டு. ஜாக்சன்விலிலிருந்து டலஹாசி ஏறக்குறைய 265 கிலோமீட்டர். இப்போது அவர்கள் சேர்ந்திருக்கிற டேட்டோனா பீச் சுமார் 145 கிலோமீட்டர். இந்த மிச்சம் அரசாங்கத்தின் பட்ஜெட் புத்தகத்தில் எங்கேயும் வராது. ஆனால் வக்கீலை அனுப்புகிறவன் பையில் தெரியும்.

எங்கள் பில்லில் இருந்த அந்த 'ஆய்வு' என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். புது நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் பழைய தீர்ப்பு ஒன்றும் கிடையாது. ஆகவே 2023-ல் அது ஒரு முடிவு எடுத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்பு எந்த நீதிமன்றம் மேலே இருந்ததோ, அதன் தீர்ப்புகளே, தான் புதிதாகச் சொல்லும்வரை செல்லும். ஆர்லாண்டோவுக்கு ஐந்தாவதின் வழி, போர்ட் மயர்ஸுக்கு இரண்டாவதின் வழி. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சட்டம். அதைத் தேடிப் படிக்க வக்கீலுக்கு மணிக்கணக்கில் கூலி.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு எங்கள் அப்பாவின் நாற்பது பக்க நோட்டுதான் ஞாபகம் வந்தது. விருதுநகர் பக்கத்தில் எங்கள் ஊர். பங்காளியோடு வரப்புத் தகராறு. ஒன்றரை சென்ட் இடம். ஜில்லா கோர்ட்டில் தோற்று, இரண்டாவது அப்பீல் சென்னை ஹைகோர்ட்டில். நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி, திரும்பி வர மூன்று நாள். "நீங்க வரவேண்டிய அவசியமே இல்லைங்க" என்று வக்கீல் சொன்னாலும் அப்பாவுக்கு மனசு கேட்காது. நோட்டில் பதினோரு பயணம் எழுதியிருக்கிறது. ஏழுக்கு எதிரே 'எடுக்கவில்லை' என்று இருக்கிறது.

2004 ஜூலை 24-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்தது. தென்மாவட்ட வழக்குகளோடு எங்கள் வழக்கும் ஒத்தக்கடைக்கு வந்தது. காலை பஸ்ஸில் மாட்டுத்தாவணி போய், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். தயிர்சாதப் பொட்டலத்தோடு நானும் ஒருநாள் போயிருக்கிறேன். ஆனால் சென்னை வக்கீல் மதுரைக்கு வர மறுத்துவிட்டார். புது வக்கீல், புது வக்காலத்து, கட்டு முழுவதையும் அவர் முதலிலிருந்து படிக்க ஒரு பீஸ். இருபது வருஷம் கழித்து ஆர்லாண்டோவில் எனக்கு வந்த பில்லும் அதுதான். கோடு போட்ட விதமும் ஒரு வேடிக்கை. தஞ்சாவூர் மதுரையோடு போனது, பக்கத்திலே இருக்கும் திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையோடேயே நின்றன.

ஒரு விஷயத்தில் நம்ம ஊர் ஏற்பாடு வேறு. இங்கே நீதிபதிகள் சென்னைக்கும் மதுரைக்கும் சுற்று முறையில் மாறி மாறி வருகிறார்கள். கூட்டம் எங்கே அதிகமோ அங்கே ஆளைக் கூட்டலாம். அதற்குப் பதிலாகக் குடியிருப்பு, பயணம், இரண்டு ஊரிலும் பதிவுத்துறை என்று செலவு. எது மலிவு என்று யாராவது முழுக் கணக்கு போட்டால் எனக்கு அனுப்புங்கள், மாணவத் தம்பிகளுக்கு நல்ல புராஜெக்ட் ஆகும். ஆனால் வழக்காடுகிறவனின் பஸ் காசையும் அதில் ஒரு காலமாகச் சேர்க்கவேண்டும்.

அப்பாவின் வழக்கு 2008-ல் முடிந்தது. தோற்றுப்போனோம். நோட்டில் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகை அந்த ஒன்றரை சென்ட்டின் விலையைவிட அதிகம். மதுரை வந்தபிறகு ஆன செலவு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்பா இன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நோட்டையும் கொண்டுவந்திருக்கிறார். பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கேட்கலாம்.