எந்த காபித் தோட்டம் நம்பர் ஒன்?

போன எபிசோட்ல ஆபீஸ் ரேட்டிங் பத்திப் பேசினோம். இன்னிக்கு அதே கேள்விய ஏற்காட்டுக்குக் கொண்டுபோறேன்.

சேர்வராயன் மலைல, தலைச்சோலை பக்கம் போனா எங்கயும் காபி. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர். இப்போ பெரிய எஸ்டேட்டும் இருக்கு, மலையாளி பழங்குடி மக்களோட சின்னத் தோட்டமும் இருக்கு. இதுல யார் திறமையா நடத்துறாங்க?

ஒருத்தருக்குக் காபி நல்லா வரும், இன்னொருத்தருக்கு மிளகு. இதை எப்படி ஒரே தராசுல வைக்கிறது? 1978-ல சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ்னு மூணு பேர் ஒரு வழி சொன்னாங்க. பேரு டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ். ஒவ்வொரு தோட்டமும் தனக்குச் சாதகமான மதிப்பெண் முறையைத் தானே தேர்ந்தெடுத்துக்கலாம். அப்பவும் பின்தங்கினா, சாக்கு சொல்ல முடியாது.

சிக்கல் டேட்டால இருக்கு. எஸ்டேட்ல மஸ்டர் ரோல் உண்டு. சின்னத் தோட்டத்துல குடும்பமே வேலை செய்யும், அதுக்கு ஏது நோட்டு? விளைச்சலும் அப்படித்தான். காபி வாரியமே பூ பூத்த பிறகு ஒரு மதிப்பீடு, பருவமழை முடிஞ்சு இன்னொண்ணுன்னு திருத்தித்தான் சொல்லுது.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். பெரிய எஸ்டேட்: 1000 கிலோ, 200 ஆள்நாள். ஒரு ஆள்நாளுக்கு 5 கிலோ. இன்னொரு எஸ்டேட்: 600 கிலோ, அதே 200 ஆள்நாள். 3 கிலோ. சின்னத் தோட்டம்: 300 கிலோ, ஆனா ஆள்நாள் 50-ல இருந்து 75-க்குள்ள எதுவா வேணா இருக்கலாம். அப்போ 4-ல இருந்து 6 கிலோ.

நாம வழக்கமா என்ன செய்வோம்? நடுவுல 62.5-னு எடுத்து, 4.8-னு போட்டு, ரெண்டாவது இடம் குடுத்துடுவோம். முதலிடத்துக்குத்தான் மானியம்னா, அந்தக் குடும்பத்துக்கு அது போச்சு. எதனால? நாம யூகிச்ச ஒரு நம்பரால.

1999-ல கூப்பர், பார்க், யூ துல்லியமில்லாத டேட்டாவையும் இந்த முறைக்குள்ள கொண்டுவந்தாங்க. அதுக்கப்புறம் வந்த ஒரு வழி: உனக்கு நல்லது, மத்தவங்களுக்கு மோசமானதுன்னு ஒரு தடவை, தலைகீழா இன்னொரு தடவை. சின்னத் தோட்டத்துக்கு 80-ல இருந்து 100 சதவீதம். பெரிய எஸ்டேட்டுக்கு 83-ல இருந்து 100. 600 கிலோ எஸ்டேட்டுக்கு 50-ல இருந்து 60 தான்.

இதுல ஒரு விஷயம் உறுதி: கடைசி இடம் யாருக்குன்னு. முதலிடம் யாருக்குன்னு இந்த டேட்டாவால சொல்லவே முடியாது. அப்போ ரேங்க் போடாம, அந்தக் குடும்பத்தோட வேலை நாளை ஒரு சீசன் எழுதி வைக்கிறதுதான் நியாயம்.

அடுத்த தடவை யாராவது 4.8-னு ரேட்டிங் குடுத்தா, கேளுங்க: "எதுல இருந்து எது வரைக்கும்?" அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!