மஞ்சள் நோட்டீஸுக்குப் பிறகு வங்கிக் கணக்கு

"ஐ.பி. கொடுத்துவிட்டால் வங்கி என் கணக்கில் கை வைக்க முடியாதே?" என்று கவுண்டரில் பலர் கேட்டிருக்கிறார்கள். முடியும். கடனும் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், தவணை பாக்கிக்கு அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. மனு போட்டதால் மட்டும் அது நிற்காது. ஆகவே சம்பளமோ பென்ஷனோ, கடன் இல்லாத வேறு வங்கிக்கு வரும்படி மாற்றுங்கள். அந்தப் புதிய கணக்கையும் மனுவில் கட்டாயம் எழுதுங்கள், எழுதாவிட்டால்தான் வம்பு.

மனைவி பெயருக்கு டெபாசிட்டை மாற்றுவது உதவாது. மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் சும்மா கைமாற்றியதை நீதிமன்றம் ரத்து செய்யலாம். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், வெளியூர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் இது உண்டு.

பென்ஷன், பி.எஃப். பணத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. அதனால் பென்ஷன் கணக்கில் வேறு பணத்தைக் கலக்காதீர்கள். பாஸ்புக்கைப் பார்த்தாலே எது பென்ஷன் என்று தெரிய வேண்டும்.

நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களும் இங்கே இருப்பீர்கள். அவர் ஐ.பி. கொடுத்தாலும் உங்கள் பொறுப்பு போகாது. அதே வங்கியில் உங்கள் டெபாசிட் ஏதும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.