சிசுவின் நோவு

பிறந்த சிசுவுக்கு நோவு தெரியாது என்று மேல்நாட்டு வைத்தியர் பலர் நெடுங்காலம் கருதினர். 1980களிலும் குறைமாதச் சிசுக்கள் பலவற்றுக்கு, உடல் அசையாதிருக்க மருந்து கொடுத்து, போதிய நோவகற்றும் மருந்தின்றியே சத்திரசிகிச்சை நடைபெற்றது. ஒக்ஸ்போர்ட்டில் வைத்தியர் ஆனந்தும் அவர்தம் தோழரும் இதனை ஆராய்ந்து, 1987இல் முடிவினை வெளியிட்டனர். நோவகற்றும் மருந்து பெற்ற சிசுக்களுக்குச் சத்திரசிகிச்சையின் பின் இடர்கள் குறைந்திருந்தன.

நோவைச் சிசுவின் முகமே காட்டும். புருவம் நெரியும், கண்கள் இறுக மூடும், மூக்கின் இருபுறத்து மடிப்பும் ஆழமாகும். மிக நலிந்த சிசுவோ அழவும் வலுவின்றிக் கிடக்கும். ஆதலின் அதன் அமைதியைச் சுகமென்று கொள்ளலாகாது.

குதிக்காலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் வேளையில், தாய்ப்பால் ஊட்டுதலும் தாயின் வெறும் மார்போடு அணைத்தலும் நோவைத் தணிக்கும். சத்திரசிகிச்சைக்கோ தக்க மருந்து இன்றியமையாதது.