கண்ணாடித் தொட்டியும் இரண்டு சுறாக்களும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகிற வழியில், ஈஞ்சம்பாக்கத்தில், 2019-ல் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடிக் குகைக்குள் நாம் நடந்து போகலாம். தலைக்கு மேலே திருக்கை மிதக்கும், சுறா போகும். புதுச்சேரியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர். பிள்ளைகள் வெளியே வரும்போது கட்டாயம் ஒரு கேள்வி வரும். "சினிமாவில வருமே, அந்தப் பெரிய வெள்ளைச் சுறா எங்கே?"

அங்கே இல்லை. சிங்கப்பூரில் இல்லை, துபாயில் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. திமிங்கலச் சுறாவையே தொட்டியில் வைத்து வளர்க்கிற ஊர்கள் உண்டு. பன்னிரண்டு அடியில் ஒரு வெள்ளைச் சுறாவைக் காட்டுகிற இடம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. முயன்று பார்க்காமல் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல், பணமும் படிப்பும் உள்ளவர்கள் முயன்றார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதை கலிஃபோர்னியாவில் தொடங்கினாலும் நம்ம புதுச்சேரியில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1955-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்த மரைன்லேண்டில் ஒரு குட்டி வெள்ளைச் சுறாவைத் தொட்டியில் விட்டார்கள். ஒரு நாள்கூட முழுதாகத் தாங்கவில்லை. அதன் பிறகு பல இடங்களில் பல முயற்சிகள். எல்லாமே நாள் கணக்கில் முடிந்தன.

அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980 ஆகஸ்ட். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகம். ஏழரை அடி நீளமுள்ள பெண் சுறா ஒன்று மீனவர் வலையில் சிக்கி அங்கே வந்து சேர்ந்தது. சாண்டி என்று பேர் வைத்தார்கள். அங்கே இருந்தது வளையம் போன்ற தொட்டி. எங்கேயும் முட்டாமல் சுற்றிச் சுற்றி நீந்தலாம். சில நாளில் சுமார் 40,000 பேர் திரண்டு வந்து பார்த்தார்கள். சாண்டியும் நீந்தியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போதெல்லாம் தடுமாறிச் சுவரில் மோதியது. சுற்று முழுக்க ஒழுங்காக வரும், அந்த இடத்தில் மட்டும் மோதும். என்ன இருக்கிறது அங்கே என்று கருவிகளை வைத்து அளந்தார்கள். ஒரு மில்லிவோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது.

நம் கையை வைத்தால் நமக்கு எதுவுமே தெரியாது. சுறாவுக்குத் தெரியும். அதன் மூக்கிலும் முகத்திலும் நுண்ணிய துளைகள் உண்டு. உள்ளே கூழ் நிரம்பிய குழல்கள். இன்னொரு மீனின் இதயமும் தசையும் உண்டாக்குகிற மின்னதிர்வை அவற்றால் உணர முடியும். மணலுக்குள் புதைந்திருக்கிற இரையைக் கண்டுபிடிப்பது அப்படித்தான். இப்படிப்பட்ட பிராணியை மோட்டார், பம்ப், விளக்கு, இரும்புக் கம்பி என்று சுற்றிலும் மின்சாரம் ஓடுகிற கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்? திருவிழா ஒலிபெருக்கிக்கு அடியில் கைக்குழந்தையைத் தூங்க வைக்கிற கதைதான். சாண்டியைத் திரும்பப் படகில் ஏற்றி ஃபாரலான் தீவுகள் பக்கம் கடலில் விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் சொல்வேன்.

மின்சாரம் ஒரு தொல்லை. மூச்சு இன்னொன்று. நாம் கடைத்தெருவில் பார்க்கிற பல மீன்கள் ஒரே இடத்தில் நின்றபடி வாயைத் திறந்து மூடிச் செவுளுக்குள் தண்ணீரைத் தள்ளும். வெள்ளைச் சுறாவால் அது முடியாது. வாயைத் திறந்தபடி முன்னே போய்க்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும். நின்றால் மூச்சுத் திணறும். பிறந்ததிலிருந்து சாகும்வரை நீந்திக்கொண்டே இருக்க வேண்டிய உடம்பு அது. போதாததற்கு, சுற்றியிருக்கிற தண்ணீரைவிட அதன் உடம்பு சூடானது. அந்தச் சூட்டுக்கு ஏற்ற தீனி வேண்டும். ஆனால் பிடிபட்ட அதிர்ச்சியில் முதலில் அது விடுவதே தீனியைத்தான்.

தூரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2003-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெண் வெள்ளைச் சுறாவின் முதுகுத் துடுப்பில் கருவி பொருத்தினார்கள். நிக்கோல் என்று பேர். அது 99 நாளில் சுமார் 11,000 கிலோமீட்டர் நீந்தி ஆஸ்திரேலியக் கரையை எட்டியது. ஒன்பது மாதத்துக்குள் மறுபடி தென்னாப்பிரிக்காவுக்கே வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு 110 கிலோமீட்டர். நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு நேரே கடலில் இன்று காலை கிளம்பினால், நாளைக் காலை காரைக்காலுக்கு நேரே இருக்கும். அதை எத்தனை பெரிய தொட்டியில் வைத்தாலும் சில வினாடியில் சுவர் வந்துவிடும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு காட்சியகம் ஜெயித்தது. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாக் காட்சியகம். 1984-ல் திறந்த கையோடு ஒரு முறை முயன்று தோற்றவர்கள். அந்தச் சுறா தீனி தொடாமலே பதினொரு நாளில் செத்துப்போனது. அடுத்த முயற்சிக்கு அவர்கள் இருபது வருஷம் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பொறுமை எனக்குப் பிடித்த விஷயம்.

இரண்டாம் முறை என்ன மாற்றினார்கள்? பெரிய சுறாவுக்கு ஆசைப்படவில்லை. ஒரு வயதுக்கும் குறைவான குட்டியைத் தேடினார்கள். 2004 ஆகஸ்டில் ஒரு மீனவரின் வலையில் தற்செயலாக ஐந்தடிப் பெண் குட்டி ஒன்று மாட்டியது. அதை நேரே கட்டடத்துக்குக் கொண்டுபோகாமல், மாலிபு கடலுக்குள்ளேயே வலையால் கட்டிய பெரிய பட்டியில் விட்டார்கள். ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் கொள்கிற பட்டி. அங்கே தானாக நீந்துகிறதா, கொடுத்ததைத் தின்கிறதா என்று வாரக் கணக்கில் பார்த்தார்கள். தின்றது. அதற்கப்புறம்தான் லாரியில் தண்ணீர்த் தொட்டி கட்டி, பிராணவாயு கொடுத்து, மணிக்கணக்காக ஓட்டிக்கொண்டு வந்து, சுமார் 38 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய தொட்டியில் இறக்கினார்கள்.

அந்தக் குட்டி 198 நாள் அங்கே இருந்தது. வந்தபோது 62 பவுண்டு, போகும்போது 162 பவுண்டு. சுமார் பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஜனங்கள் வாயடைத்து நின்றார்கள் என்கிறார்கள். நம்புகிறேன். 1975-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' படம் உலகத்துக்குக் காட்டியது ஒரு பூதத்தை. இங்கே தெரிந்தது ஒரு மீன், அவ்வளவுதான்.

ஆனால் குட்டி வளர்ந்தது. மூக்கில் சுவரில் உரசிய காயங்கள். கூடவே இருந்த சுறாக்களில் இரண்டைக் கடித்துக் கொன்றது. 2005 மார்ச் 31-ல் கருவி பொருத்திக் கடலில் விட்டார்கள். அதற்கப்புறம் 2011 வரை இன்னும் ஐந்து குட்டிகள் வந்து போயின. சில குட்டிகள் நூறு நாளைத் தாண்டின. ஒன்று பதினொரு நாளிலேயே திரும்பிப் போனது. கடைசியாக வந்தது 55 நாள் இருந்தது. 2011 அக்டோபரில் அதைக் கடலில் விட்ட சிறிது நேரத்திலேயே அது செத்துவிட்டது என்று அதன் மேலிருந்த கருவி காட்டிக்கொடுத்தது. அதோடு அவர்கள் வெள்ளைச் சுறாவைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

2016 ஜனவரியில் ஜப்பானின் ஒக்கினாவாக் காட்சியகம் மூன்றரை மீட்டர் ஆண் சுறா ஒன்றைத் தொட்டியில் விட்டது. மூன்றாம் நாள் அது செத்தது.

இதை வைத்து மான்டரேகாரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைச் சுறாக் குட்டிகள் எந்தக் கரையோரம் வளர்கின்றன, எங்கே வலசை போகின்றன, எந்த வலையில் மாட்டிச் சாகின்றன என்று இன்று தெரிந்திருப்பதில் அந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் குட்டி தொட்டியில் இருந்த அதே 2004-ல்தான், வெள்ளைச் சுறா வணிகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் பாங்காக்கில் கூடி ஒப்புக்கொண்டன. கண்ணாடி வழியாகப் பார்த்த பத்து லட்சம் பேருக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டென்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் கண்ணில் படுகிற பிராணிக்குத்தான் வக்கீல் கிடைக்கிறார். கண்ணில் படாததற்கு?

அதற்குத்தான் நம்ம ஊருக்கு வருகிறேன்.

நமக்கும் சுறா புதிதல்ல. பட்டினப்பாலையில் பரதவர் சுறாக்கொம்பை நட்டுவைத்துக் கும்பிட்ட செய்தி வருகிறது. கொம்பு என்றால் வேளா மீனின் ரம்பம் போன்ற மூக்காக இருக்க வேண்டும். இன்றைக்கு நமக்குச் சுறாவோடு உறவு பெரும்பாலும் சமையலறையில்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவில் புட்டு செய்து கொடுக்காத வீடு நம் மீனவ ஊர்களான வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் உண்டா?

உலக அறிவியலில் நம் ஊரின் பேரைத் தாங்கிய ஒரு சுறா உண்டு. புதுச்சேரிச் சுறா என்றே அழைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் செடிகளை மட்டுமல்ல, மீன்களையும் சேகரித்துப் பாரிஸுக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1816-ல் வந்த லெஷனோ அப்படி அனுப்பியவற்றில் பல, குவியேயும் வாலென்சியெனும் எழுதிய பெரிய மீன் நூலில் நம் மீனவர்கள் சொன்ன தமிழ்ப் பேர்களோடு இடம்பிடித்தன. அந்தக் காலத்தில் புதுச்சேரிக் கடலிலிருந்து பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு சிறிய சுறாவை, முல்லர், ஹென்லே என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் 1839-ல் தங்கள் சுறா நூலில் விவரித்தார்கள். இதுதான் அந்தச் சுறா.

ஒரு மீட்டர் நீளம். சாம்பல் நிறம். வெள்ளைச் சுறாவைப் போல யாரையும் பயமுறுத்தாது. கரையோர ஆழமில்லாத கடலில் வாழ்வது; ஓமான் வளைகுடாவிலிருந்து நியூகினி வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தது. உலகத்து அருங்காட்சியகங்கள் அத்தனையையும் சேர்த்தாலும் இருபதுக்கும் குறைவான உடல்கள்தான் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கடைசியாக உறுதியோடு பதிவானது 1979-ல், இந்தியாவில். அதற்குப் பிறகு இலங்கை ஆறுகளில் பார்த்தோம், கோதாவரிப் பக்கம் பார்த்தோம் என்று பேச்சு வந்ததுண்டு, எதுவும் உறுதியாகவில்லை. 2017-ல் உலகில் தொலைந்துபோன உயிரினங்களில் அதிகம் தேடப்படுகிற இருபத்தைந்தின் பட்டியல் ஒன்று வெளியானபோது அதில் நம் ஊர்ச் சுறாவும் இருந்தது.

எத்தனை குட்டி போடும், எப்போது போடும், எத்தனை வருஷம் இருக்கும் — யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சுறா எழுபது வருஷம் வாழக்கூடும் என்று முதுகுத்தண்டு வளையங்களை வைத்துச் சொல்லிவிட்டார்கள். அதன் ஒரு நாள் பயணத்தைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கிறார்கள். இங்கே வீராம்பட்டினத்துக்கு எதிரே நீந்திய மீனைப் பற்றி, பாரிஸ் குப்பியில் இருக்கிற உடம்பு சொன்னதற்கு மேல் அதிகம் கிடையாது. எனக்கு இது வெட்கமாகவே இருக்கிறது.

மீனவர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வலையில் ஏறுகிற நூறு குட்டிச் சுறாவில் எது புதுச்சேரிச் சுறா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கரையோரம் இழுவை மடி பெருகியது, நைலான் வலை வந்தது, சுறா இறக்கைக்கு வெளிநாட்டில் விலை ஏறியது. மெதுவாக வளர்ந்து, சில குட்டிகளை மட்டுமே போடுகிற எந்தச் சுறாவும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சட்டம் பின்னால்தான் வந்தது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறாவும், வேளா மீன்களும், புதுச்சேரிச் சுறாவும் சேர்ந்தன. 2015-ல் சுறா இறக்கை ஏற்றுமதியையே நம் நாடு தடை செய்தது. புதுச்சேரிச் சுறா சட்டத்துக்குள் வந்தபோது, அது கண்ணில் பட்டு இருபது வருஷம் கடந்திருந்தது.

கடைசியாக, கடலுக்குப் போகிறவர்களுக்கும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர்களுக்கும் அடையாளம் சொல்லிவிடுகிறேன். சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள சாம்பல் சுறா. மூக்கு நீண்டு கூராக இருக்கும். மார்புத் துடுப்புகள், முதுகின் பின்பக்கத்துச் சிறு துடுப்பு, வால் நுனி, இவற்றில் கறுப்பு தெளிவாகத் தெரியும். ஆனால் கறுப்பு நுனி வேறு பல சுறாக்களுக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. வாயைத் திறந்து மேல்தாடைப் பல்லைப் பாருங்கள். நுனி வழவழப்பாகவும் அடிப்பக்கம் இருபுறமும் சின்னச் சின்னக் கூர்களோடும் இருந்தால் அது புதுச்சேரிச் சுறாவாக இருக்கலாம். உயிரோடு இருந்தால் கடலில் விட்டுவிடுங்கள். விடுவதற்கு முன் முடிந்தால் கைப்பேசியில் தலை, பல், துடுப்பு மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். செத்திருந்தால் வெட்டாமல் மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிடித்த இடம், ஆழம், எந்த வலை என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.